அமெரிக்க மருத்துவக் கல்லூரி: இரண்டாம் முறை விண்ணப்பிப்பதில் அவசரம் வேண்டாம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. என் மகள் சென்ற ஆண்டு மே மாதம் உயிரியலில் பட்டம் பெற்றாள். சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ. நாலுக்கு 3.61. ஆகஸ்டில் மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதி 508 வாங்கினாள். மதிப்பெண் வந்த பிறகு, செப்டம்பர் கடைசியில் 22 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பிப்ரவரியில் ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. அங்கும் இப்போது காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறாள். அடுத்த மாதமே மறுபடி விண்ணப்பித்துவிடலாம் என்கிறார் அவள் அப்பா. ஓராண்டு முதுகலை படித்தால் பலம் கூடும் என்கிறார்கள் சிலர். கரீபியன் தீவுகளிலோ இந்தியாவிலோ சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். ஒருமுறை நிராகரித்தவர்கள் மறுபடியும் நல்ல கண்ணோடு பார்ப்பார்களா? பல ஆயிரம் டாலர் கேட்கும் தனியார் ஆலோசகரை அமர்த்தலாமா?

— ஒரு தாய், எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் ஒப்புதலோடு அவருடைய விண்ணப்பப் படிகளையும் மதிப்பெண் விவரங்களையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அவை இல்லாதிருந்தால் பொதுவாக நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். இப்போது குறிப்பாகவே பேச முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஜூனில் விண்ணப்பிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு ஜூனில் விண்ணப்பிக்கட்டும். அப்படியானால் மருத்துவப் படிப்பு தொடங்க இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகுமே என்று உங்கள் மனம் பதறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவர்கள் இன்று அமெரிக்காவில் சிறுபான்மையினர். இடையில் ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 24, 25 வயதில் சேர்கிறவர்களே அதிகம் என்பதால், இந்தத் தாமதத்தை எந்தத் தேர்வுக் குழுவும் குறையாக எண்ணாது.

நிராகரிப்பை ஒரு கறையாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவரின் முதல் பட்டமான எம்.டி. தரும் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். சேர்வது சுமார் 23,000 பேர். பாதிக்கும் மேற்பட்டோர் வெறுங்கையோடு திரும்பும் இடத்தில், மறுமுறை வருகிறவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரே கல்லூரிக்கு எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகள் சில உண்டு; அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான், பல கல்லூரிகள் அதை, பொது விண்ணப்பத்துக்குப் பிறகு தாங்களே தனியாகக் கேட்கும் இரண்டாம் கட்டக் கட்டுரைக்குத் தலைப்பாகவே கொடுத்துவிடுகின்றன: சென்ற முறைக்குப் பிறகு உங்களிடம் என்ன மாறியிருக்கிறது? இந்த ஜூனில் விண்ணப்பித்தால் உங்கள் மகளால் இதற்கு என்ன பதில் எழுத முடியும்? மதிப்பெண் அதே, அனுபவம் ஏறக்குறைய அதே, பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களும் அவர்களே. விண்ணப்பிக்கும் தேதி மட்டும்தான் மாறியிருக்கும்.

தேதியும் சிறிய விஷயமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்ப முறையில் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கத் தொடங்கலாம். ஜூன் இறுதியில் விண்ணப்பங்கள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேரும். சமர்ப்பித்த பிறகு, எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் கல்லூரிச் சான்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். நெரிசல் காலத்தில் அதற்கே பல வாரங்கள் ஆகிவிடும். பெரும்பாலான கல்லூரிகள் வரவர விண்ணப்பங்களைப் படித்து, வரவர நேர்காணலுக்கு அழைத்து, இடங்களையும் அப்படியே கொடுத்துக்கொண்டு போகின்றன. செப்டம்பர் கடைசியில் சமர்ப்பித்த உங்கள் மகளின் விண்ணப்பம் சரிபார்ப்பு முடிந்து கல்லூரிகளின் மேசைக்கு வந்தபோது, ஜூனில் வந்தவர்களில் பலர் நேர்காணலே முடித்திருப்பார்கள். பிப்ரவரியில் ஒருவரை நேர்காணல் செய்யும் கல்லூரியிடம் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியலில்தான் இடம் மீதி இருக்கும். ஆகவே அந்த ஒரு நேர்காணலில் அவர் சரியாகப் பேசவில்லை என்று நீங்களாக முடிவு கட்டிவிட வேண்டாம்.

விண்ணப்பம் எந்தப் படியில் நின்றுபோனது என்பதுதான் எப்போதும் முதலில் பார்க்க வேண்டியது. ஆறேழு நேர்காணல்களுக்குப் போய் எங்கும் இடம் கிடைக்காதவருக்குக் காகிதத்தில் குறையில்லை. அவர் பேச்சுப் பயிற்சியில் கவனம் செலுத்த வேண்டும். 22 இடங்களில் 21 கல்லூரிகள் நேர்காணலுக்கே அழைக்கவில்லை என்றால் குறை காகிதத்தில் இருக்கிறது. உங்கள் மகள் இரண்டாம் வகை. தாமதம் அதற்கு ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அன்று.

கல்லூரிப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. 22 கல்லூரிகளில் 8 வெளிமாநில அரசுக் கல்லூரிகள். வட கரோலினாவில் கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் பிராடி மருத்துவக் கல்லூரி அந்த மாநிலத்தவரை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகமும் அப்படியே. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கட்டிய பணமும், எழுதிய கட்டுரைகளும் வீண். மீதி இருந்தவற்றில் ஆறு, ஊர் உலகமெல்லாம் பெயர் தெரிந்த கல்லூரிகள். அங்கே சேர்கிறவர்களின் எம்கேட் நடுமதிப்பு 520ஐ ஒட்டி இருக்கும். ஆக உண்மையில் அவர் விண்ணப்பித்தது எட்டுக் கல்லூரிகளுக்குத்தான். எம்.எஸ்.ஏ.ஆர். என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு கல்லூரியும் உள்மாநிலத்தவர் எத்தனை பேரை, வெளிமாநிலத்தவர் எத்தனை பேரைச் சேர்த்தது, அவர்களுடைய மதிப்பெண் வீச்சு என்ன என்று போட்டிருப்பார்கள். சிறு சந்தா கட்டி ஒரு வார இறுதி முழுக்க அதில் உட்கார்ந்து பட்டியலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நியூ ஜெர்சிக் கல்லூரிகளில் நியூவர்க்கில் உள்ள ரட்கர்ஸ் கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, கேம்டனில் உள்ள கூப்பரையும் நட்லியில் உள்ள ஹேக்கன்சாக் மெரிடியனையும் எதற்காக விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது எம்கேட். இங்கேதான் நீங்களும் கணவரும் நிதானமாக யோசிக்க வேண்டும். 508 மோசமான மதிப்பெண் அன்று, ஆனால் எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது. கூட்டுத்தொகையைவிட அதன் பிரிவுகளைப் பாருங்கள். மூன்று அறிவியல் பிரிவுகளிலும் தலா 128. கார்ஸ் எனப்படும் வாசிப்பு, தர்க்கப் பிரிவில் 124. ஒவ்வொரு பிரிவும் 118இலிருந்து 132 வரை மதிப்பிடப்படுவதால் 125தான் நடுப்புள்ளி. அதற்கும் கீழே அவர் நின்றிருக்கிறார். 90 நிமிடத்தில் ஒன்பது பத்திகளைப் படித்து 53 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டிய பிரிவு அது. தத்துவம், கலை, வரலாறு, சமூகம் என்று எங்கிருந்தாவது பத்தி வரும். மனப்பாடத்துக்கு அதில் வேலையே இல்லை. நம் வீடுகளில் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து கணக்கு வகுப்புக்கும் அறிவியல் போட்டிக்கும் கொண்டுபோய் விடுகிறோம். கதையல்லாத கனமான கட்டுரை ஒன்றை எடுத்து, எழுதியவர் எங்கே வாதிடுகிறார், எங்கே பிறர் கருத்தைச் சொல்கிறார் என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. அது இரண்டு மாதப் பயிற்சியில் வருவதன்று; தினமும் முக்கால் மணி நேரம் என்று ஏழெட்டு மாதம் ஓட வேண்டும். இந்த ஜூனில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்த ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரு தேதியில் மறுபடி எழுதலாம். மதிப்பெண் வர ஒரு மாதம் ஆனாலும் ஜூனுக்கு முன் கையில் இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. ஏ.ஏ.எம்.சி. வெளியிடும் முழுநீள மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 513க்குக் குறையாமல் வந்தால் மட்டுமே தேர்வுக்குப் போக வேண்டும். ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் இத்தேர்வை எழுதலாம். அந்த வரம்பைவிட முக்கியமானது, எழுதிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும் என்பது. இரண்டாம் முறை 507 வந்தால், முதல்முறை வந்த 508ஐயும் அது பலவீனப்படுத்திவிடும்.

முதுகலைப் படிப்பு பற்றிய யோசனையை எனக்குப் பிடிக்கவில்லை. அத்தகைய ஓராண்டுப் படிப்புகளுக்குக் கட்டணம் மட்டும் பல பத்தாயிரம் டாலர் ஆகலாம். ஜி.பி.ஏ. 3.3க்குக் கீழே விழுந்துவிட்ட மாணவருக்கு, மருத்துவக் கல்லூரிப் பாடங்களை என்னால் தாங்க முடியும் என்று காட்டுவதற்கு அது உதவும். ஆம்காஸ் கணக்கில் முதுகலை மதிப்பெண்கள் இளங்கலை ஜி.பி.ஏ.யோடு சேராமல் தனி வரிசையில் நிற்கும் என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் அறிகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: உங்கள் மகள் 120 கிரெடிட்டுகளில் 3.61 வாங்கியிருக்கிறார், இளங்கலை மட்டத்திலேயே இன்னும் 15 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 3.65தான் ஆகும். கரிம வேதியியலில் வாங்கிய சி பிளஸ்ஸை மறுபடி எழுதி அழித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆம்காஸ் இரண்டு முறை வாங்கியதையும் சேர்த்தே சராசரி பார்க்கும். கடைசி மூன்று பருவங்களில் அவருடைய மதிப்பெண்கள் மேலேறியே வந்திருக்கின்றன. மாலை நேரத்தில் உயிர்வேதியியலிலோ உடலியங்கியலிலோ ஓரிரு மேல்நிலைப் பாடங்கள் எடுத்து அந்த ஏற்றத்தை நீட்டினால் போதும். கடன் பற்றியும் ஒரு சொல். 2025இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கே குடும்பப் பணம் தேவைப்படப்போகும் நிலையில், அதை முன்கூட்டியே முதுகலையில் கரைப்பது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. அவருடைய விண்ணப்பத்தில் ஆய்வுக்கூடத்தில் 900 மணி நேரம். மருத்துவமனையில் தன்னார்வலராக 60 மணி நேரம். இதைப் படிக்கும் குழுவுக்கு, இவர் முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டியவரோ என்ற ஐயம் வருவது இயல்பு. நோயாளிகளின் பக்கத்தில் நாள்கணக்கில் நின்று, வேலையின் சலிப்பையும் நாற்றத்தையும் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்கிறாரா என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். அதை 60 மணி நேரம் சொல்லாது. மருத்துவரின் அறையில் மெடிக்கல் அசிஸ்டென்ட்டாகவோ, ஸ்கிரைப் என்னும் குறிப்பெழுதுநராகவோ சம்பளத்துக்கே வேலை கிடைக்கும். நியூ ஜெர்சியில் ஊருக்கு ஊர் தன்னார்வ முதலுதவிப் படைகள் இருக்கின்றன, இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி முடித்து அதில் சேர்ந்தால் வாரம் ஓர் இரவு ஆம்புலன்ஸில் போகலாம். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தன்னார்வப் பணியும் நல்லது. இவற்றில் ஏதாவது ஒன்றை, அதிகம் போனால் இரண்டை எடுத்துக்கொண்டு ஓராண்டு விடாமல் செய்யட்டும். விண்ணப்பத்தை நிரப்புவதற்காக ஐந்தாறு இடங்களில் தலைகாட்டுகிறவர்களைக் குழுக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆம்காஸில் 15 செயல்பாடுகள் வரை குறிப்பிட இடம் இருக்கிறது என்பதற்காக 15ஐயும் நிரப்ப வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

இனி அவருடைய தன்னுரைக் கட்டுரை. இடைவெளியையும் சேர்த்து 5,300 எழுத்துகள் கொண்ட அந்தக் கட்டுரையில் முதல் பாதி முழுக்க, பாளையங்கோட்டையில் தாத்தாவுக்கு மாரடைப்பு வந்த இரவைப் பற்றியது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படித்து முடித்தபோது எனக்குத் தாத்தாவைத் தெரிந்தது, பேத்தியைத் தெரியவில்லை. அப்போது அவருக்கு வயது ஒன்பது. அந்த இரவில் அவர் செய்தது என்று எதுவும் இல்லை. மருத்துவமனைப் பணியைப் பற்றிய குறிப்பிலோ, பரிவின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன் என்று, ஆயிரம் விண்ணப்பங்களில் இருக்கும் ஒரு வாக்கியம். இவற்றைப் புரட்டிக்கொண்டே போனபோது, ஒரு கல்லூரிக்கு எழுதிய இரண்டாம் கட்டக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இரண்டே வரியில் ஒரு செய்தி அகப்பட்டது. வயதான பெண்மணி ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை; உணவை மறுக்கிறார் என்று குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. தட்டை எடுக்கப் போன உங்கள் மகள், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது, அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பதில் சொல்வதைக் கவனித்திருக்கிறார். வார்டு மாற்றியபோது பல் செட் பழைய அறையிலேயே தங்கிவிட்டது. அதைச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கூச்சம். மகள் செவிலியரிடம் சொல்ல, பல் செட் வந்தது, அவர் சாப்பிட்டார். கட்டுரை இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். கவனித்தவர் அவர், கேட்டவர் அவர், உரியவரிடம் கொண்டுபோனவர் அவர். ஓராண்டு நோயாளிகளோடு வேலை பார்த்தால் இதைப்போல் இன்னும் பல கையில் இருக்கும். பழைய கட்டுரையைத் திருத்த வேண்டாம். அதை மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுதட்டும். தாத்தாவுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தால் போதும்.

பரிந்துரைக் கடிதங்கள் ஆம்காஸில் ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குத் தாமாக வந்து சேராது. மறுபடி பெற வேண்டும். அப்போது புதிய பணியிடத்தில் அவரைக் கண்ணால் பார்த்த மருத்துவர் ஒருவரின் கடிதமும் சேரட்டும். இரண்டாம் கட்டக் கட்டுரைத் தலைப்புகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாதவை என்பதால், சமர்ப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஜூன் மாதத்திலேயே எழுதத் தொடங்கிவிடலாம். தலைப்புகள் வந்த இரண்டு வாரத்துக்குள் எழுதித் திருப்பி அனுப்ப அதுதான் வழி.

உங்கள் கடிதத்தில் டி.ஓ. என்னும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்மவர்களிடம் இந்தத் தயக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். டி.ஓ. பட்டம் பெற்றவர்கள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு நிகராக மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள். 2020 முதல் இரு வகைப் பட்டதாரிகளும் ரெசிடென்சி எனப்படும், பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒரே தேர்வு முறையில்தான் போகிறார்கள். நியூ ஜெர்சியிலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோவன் பல்கலைக்கழகத்தின் டி.ஓ. கல்லூரி இருக்கிறது, ஃபிலடெல்ஃபியாவில் இன்னொன்று. சில சிறப்புத் துறைகளில் அவர்களுக்குப் போட்டி சற்றுக் கடுமை என்பது உண்மைதான். இருந்தாலும் கரீபியன் தீவுகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய வழி இது. கரீபியன் கல்லூரிகள் சில நல்ல மருத்துவர்களை உருவாக்கியிருக்கின்றன. ஆனால் சேர்ப்பது எளிது, பாதியில் வெளியேறுகிறவர்கள் அதிகம். அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் சுமார் 93 சதவீதம் பேருக்கு ரெசிடென்சி கிடைக்கும்போது, வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கு அது மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்றால் நீட் எழுதியாக வேண்டும்; ஐந்தரை ஆண்டு படிப்பு; பிறகு அமெரிக்காவுக்கு வர விரும்பினால் அதே ரெசிடென்சி வரிசையில் வெளிநாட்டுப் பட்டதாரியாகத்தான் நிற்க வேண்டும். ஒருமுறை, அதுவும் தாமதமாக விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர் இந்த வழிகளில் இறங்க வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை.

கிரீன் கார்டு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவு தைரியமாகக் காத்திருக்கச் சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றப் பெற்றோர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்து, 21 வயதில் அந்த நிலையை இழந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைகள் விண்ணப்பத்தில் வெளிநாட்டு மாணவர்களாகிவிடுகிறார்கள். அவர்களை ஏற்கும் எம்.டி. கல்லூரிகள் குறைவு, கூட்டரசுக் கடனும் கிடையாது. அவர்களுடைய கல்லூரிப் பட்டியலும் பணத் திட்டமும் முற்றிலும் வேறு. நான் இங்கே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும் இந்த ஆண்டின் கதவு இன்னும் முழுக்கச் சாத்தப்படவில்லை. ஏப்ரல் 30ஐ ஒட்டி, பல இடங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒன்றைத் தவிர மற்றவற்றை விடுவதால் மே மாதத்தில்தான் காத்திருப்போர் பட்டியல்கள் நகரத் தொடங்கும். சில கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் வாரம் வரைகூட நகரும். அந்தக் கல்லூரி புதிய தகவல்களை ஏற்கிறது என்றால், பிப்ரவரிக்குப் பிறகு செய்தவற்றையும், இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன் என்பதையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் மகள் இந்த வாரமே எழுதி அனுப்பட்டும். கிடைக்காமல் போனால், ஜூன் கடைசியில் நிராகரித்த கல்லூரிகளுக்கு எழுதி, விண்ணப்பத்தில் குறை என்னவென்று கேட்கலாம். எல்லோரும் சொல்லமாட்டார்கள், சொல்கிற கல்லூரிகளின் கருத்து விலைமதிப்பற்றது. எழுதுவதும் தொலைபேசியில் பேசுவதும் மகளாகவே இருக்க வேண்டும். நீங்களோ அவருடைய அப்பாவோ அழைத்தால் அவர்கள் எதுவும் சொல்லப்போவதில்லை. பெற்றோர் அழைத்தார்கள் என்ற நினைவுதான் அங்கே மிஞ்சும்.

தனியார் ஆலோசகருக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். மகள் பட்டம் பெற்ற கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கென்று ஆலோசனை அலுவலகம் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் பட்டம் வாங்கிப் போனவர்களுக்கும் அது கட்டணமின்றித் திறந்தே இருக்கிறது. சென்ற ஆண்டு அவர் அங்கே ஒருமுறைகூடப் போகவில்லை என்று இணைப்பிலிருந்து தெரிகிறது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் அச்சுப் படியோடு அங்கே நேரம் கேட்டு வாங்கிப் போகட்டும். நேர்காணல் பயிற்சி மட்டும் வெளியே தேவைப்படலாம். அதை அடுத்த ஆண்டு ஆகஸ்டில், முதல் அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.